சீல் போட்ட கொக்கு

2024 ஜூன் 9, ஞாயிறு

தட்டுகளைத் துடைத்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. தண்ணீர் லாரி இன்றைக்கும் வரவில்லை.

நேற்று எங்கள் பனியன் கம்பெனி லேபில் வேலை செய்யும் கவிப்பிரியா என் போனில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "இதென்னங்க மேடம், மெஷின் வாஷருங்களா?" என்று கேட்டாள். ஜப்பான்காரர்களின் பழைய வாளில் கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே கோத்திருக்கும் இரும்புத் தட்டு, கை வழுக்கி அலகில் போய்விடாமல் காக்கிற தட்டு, ட்சுபா என்று பெயர் என்றேன். "அப்ப வாளெங்கீங்க?" என்றாள். வாள் இல்லை, தட்டு மட்டும்தான் சேர்க்கிறேன் என்றதும் அவள் முகத்தில் ஓர் இரக்கம் வந்தது. மாடு இல்லாமல் மூக்கணாங்கயிறு மட்டும் சேர்க்கிறவளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

என்னிடம் பதினோரு தட்டு இருக்கிறது. எல்லாம் இரும்பு. ஞாயிறு காலையில் ஒவ்வொன்றாக எடுத்துப் பனியன் துணியால் தேய்ப்பேன். புளி கூடாது, எலுமிச்சை கூடாது, தண்ணீர் படவே கூடாது. இருநூறு முன்னூறு வருடமாக ஏறிய கறுப்புதான் இந்த இரும்பின் வயது. அதைக் கழுவிவிட்டால் மிஞ்சுவது வெறும் இரும்பு. உலகத்துக்கே எண்ணெய் துடைக்கும் பனியன் வேஸ்ட் எங்கள் திருப்பூரிலிருந்துதான் போகிறது. அந்த ஒரு விஷயத்தில் டோக்கியோவில் இருக்கிறவர்களைவிட எனக்கு வசதி.

அம்மா சொன்னது: "அந்தத் துருத் தட்டைத் தேய்க்கிற தேய்ப்புல பாதி என் முழங்காலுக்குத் தேய்ச்சிருந்தா நான் இந்நேரம் பழனி மலையே ஏறியிருப்பேன்டி." தேய்த்துவிட்டேன்.

கடைசியாகக் கொக்கு. கொக்கு ஒன்று சிறகுகளை வளைத்துத் தன்னையே வட்டமாகச் சுற்றிக்கொண்டு நிற்கும். மிச்ச இரும்பையெல்லாம் வெட்டி எடுத்திருப்பார்கள். இடது காலில் உளி வழுக்கிய ஒரு சின்னக் கீறல். இது மொரிட்டா கொடுத்தது. எங்களிடம் சரக்கு வாங்கும் ஜப்பான் பையரின் இன்ஸ்பெக்டர். வருடக்கணக்காக என் செக்கிங் டேபிளில் நின்று என் பீஸ்களை ரிஜெக்ட் செய்த மனிதர். ஓய்வு பெற்றுப் போகிற அன்றைக்கு, "எங்கள் வீட்டில் இருந்தது. உங்கள் கண்ணுக்காக" என்று கையில் வைத்துவிட்டுப் போனார். மற்ற பத்தும் அதற்குப் பிறகு நானாகத் தேடிச் சேர்த்தவை.

மொரிட்டா இடத்துக்கு வந்திருக்கும் நகானோ நவம்பரில் ஊருக்குப் போகிறார். டோக்கியோவில் ஒரு சங்கம் இருக்கிறது. தட்டைக் கொடுத்தால் அசல்தானா, எந்தக் காலம், எந்தப் பட்டறை என்று பார்த்துத் தாள் எழுதிக் கொடுப்பார்கள். கொக்கை எடுத்துப் போகிறேன் என்று நகானோ சொல்லியிருக்கிறார். அந்தத் தாள் எனக்கு வேண்டும். வேறு பெரிய ஆசை எதுவும் இப்போது இல்லை.

2024 ஜூன் 23, ஞாயிறு

அருள்குமார் வந்திருந்தார். மண்ணரையில் காம்பாக்டிங் யூனிட் வைத்திருக்கிறார். எங்கள் கம்பெனித் துணி அவரிடம்தான் போகிறது. நீராவி காட்டி, சூடான உருளைகளுக்கு நடுவே நெருக்கி, பின்னால் துவைத்தால் சுருங்காதபடி செய்து அனுப்புவார். மனைவி தவறி ஐந்தாறு வருடம் இருக்கும். ஒரு நாள் ஷ்ரிங்கேஜ் தகராறுக்காக வீட்டுக்கு வந்தவர் மேசையில் தட்டுகளைப் பார்த்தார். தகராறு மறந்துபோயிற்று. இப்போது அவரிடமும் நாலு தட்டு இருக்கிறது. அதில் இரண்டு குப்பை என்று நான்தான் சொன்னேன். கோபித்துக்கொள்ளவில்லை.

இன்றைக்கு அவர் புலம்பல் வேறு. "மெஷின்ல ஒரு புல்லி ஒடஞ்சு போச்சுங்க மேடம். கோயமுத்தூர் ஃபவுண்டரிக்குக் கொண்டுபோயி அதையே மாடலாக் குடுத்து, இதே மாதிரி ஊத்திக் குடுங்கன்னனுங்க. வந்து மாட்டுனா ஷாஃப்ட்டுல ஏறவே மாட்டேங்குது. கேட்டா, உருக்கின இரும்பு ஆறுனா சுருங்குமுங்க, அதுக்குத்தான் மாடலைக் கொஞ்சம் பெருசாச் செய்யோணும், இதுகூடத் தெரியாதுங்களாங்கறான். சுருக்கத்தை வெச்சே பொழப்பு நடத்தறவனைப் பாத்துக் கேக்கறானுங்க!"

அம்மா உள்ளே இருந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அம்மா சிரித்ததில் வேறு கணக்கு இருக்கிறது.

2024 ஜூலை 3, புதன்

ஷிப்மென்ட். எழுத ஒன்றும் இல்லை.

2024 ஜூலை 14, ஞாயிறு

இணையத்தில் தட்டு சேர்க்கிறவர்கள் கூடுகிற பக்கம் ஒன்று. உலகம் முழுக்க ஆட்கள். என்னை எல்லோரும் 'சார்' என்றுதான் அழைக்கிறார்கள். திருப்பூர், குவாலிட்டி மேனேஜர், இரும்பு: இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அவர்களுக்கு மீசைதான் தெரியும் போல. நானும் திருத்தியதில்லை. யாராவது படம் போட்டுக் கேட்டால் என் கருத்தைச் சொல்வேன். மூன்று நாலு தடவை சரியாகச் சொன்னதில் கொஞ்சம் மரியாதை உண்டு.

இன்று ஒருவர், தட்டை நூலில் தொங்கவிட்டு நகத்தால் சுண்டிப் பாருங்கள் என்று எழுதியிருந்தார். அடித்துச் செய்த இரும்பு மணி மாதிரி பேசும், வார்ப்பு இரும்பு ஊமை. சுண்டினேன். கொக்கு டொக் என்றது. வெட்டி எடுத்த இடம் அதிகம், அதனால் இருக்கும். ஓரமெல்லாம் மழுங்கித்தான் இருக்கிறது. முன்னூறு வருடம் கைபட்டால் மழுங்காதா?

2024 ஆகஸ்ட் 4, ஞாயிறு

அம்மா இன்று நேராகவே கேட்டுவிட்டாள். "ஏண்டி நதியா, அந்த மனுசன் ஞாயித்துக்கிழமை தவறாம வாராரே, இரும்பைப் பாக்கவா வாராரு?"

"ஆமா."

"ஒனக்கு ஊருப்பட்ட பீஸுல ஓட்டை தெரியும். இது தெரியாதா?"

தெரியும். கோர்ட்டில் எல்லாம் முடிந்து எட்டு வருடம் ஆகிறது. கட்டியிருந்தவரின் முகம்கூட இப்போது சரியாக நினைவில்லை. அவர் குரலை உயர்த்தும்போது ஃபேன் சத்தம் கேட்காமல் போகும், அதுதான் நினைவிருக்கிறது. அருள்குமார் குரலை உயர்த்திப் பார்த்ததில்லை. அதற்காக? நான் ஒன்றும் முடிவு செய்யவில்லை. அவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதவரைக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

2024 ஆகஸ்ட் 18, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு அருள்குமார் வந்தார். வெள்ளைச் சட்டை. பேக்கரியில் தேங்காய் பன் வாங்கி வந்திருந்தார். ரிப் துணியில் சுற்றிய ஒன்றை மேசையில் வைத்துப் பிரித்தார். கொக்கு. என் கொக்கேதான். அதே சிறகு, அதே வட்டம், அதே கழுத்து. என் தட்டின் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு இரண்டு வருடமாகத் தேடியிருக்கிறார். யோகோஹாமாவில் ஏதோ பழைய சாமான் கடையில் அகப்பட்டு, அங்கே போன நூல் ஏஜென்ட் ஒருவர் கையில் வரவழைத்திருக்கிறார்.

"பெரிய வாளுக்கு ஒண்ணு, சின்ன வாளுக்கு ஒண்ணுன்னு ஜோடியாச் செய்வாங்கன்னு சொன்னீங்கல்லங்க. ஜோடி சேத்துட்டனுங்க மேடம்" என்றார். காது சிவந்திருந்தது. அம்மா டீயோடு வந்து, டீயை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

நான் செக்கிங் விளக்கைப் போட்டேன். செக்கிங் டேபிளில் எப்போதும் இடது பக்கம் சீல்டு சாம்பிள், வலது பக்கம் புதிதாக வந்த பீஸ். பையர் ஒப்புக்கொண்டு, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்துக் கொடுத்த பீஸ்தான் சீல்டு சாம்பிள். அதை யாரும் குறை பார்ப்பதில்லை. அதிலிருந்து எது மாறுகிறதோ அது தப்பு. அப்படியே என்னுடையதை இடப்பக்கம் வைத்தேன், அவருடையதை வலப்பக்கம்.

முதலில் கால். அவருடைய கொக்குக்கும் இடது காலில் உளி வழுக்கிய கீறல், அதே இடத்தில். ஒருவன் கையாலே செய்த ஜோடி என்றால் இரண்டும் ஒரே சாயலாக இருக்கும், ஆனால் கை ஒரே இடத்தில் இரண்டு தடவை வழுக்காது. பத்து பீஸில் ஒரே இடத்தில் ஒரே கோடு விழுந்தால் ஊசி உடைந்திருக்கிறது என்று அர்த்தம், அது மெஷின் தப்பு. ஆக இதில் ஒன்று மற்றதை மாடலாக வைத்து அச்செடுத்து ஊற்றியது.

எது என்பதில் சந்தேகம் இல்லை. அவருடையதில் ஓரமெல்லாம் கூர்மை, நேற்று வெட்டியதுபோல. அளவும் மாறுகிறது. என்னுடையது 79.1 மில்லிமீட்டர், அவருடையது 80.2.

"இது போலிங்க" என்றேன்.

அவர் என் கையிலிருந்து வெர்னியரை வாங்கினார். அவருடையதை அளந்தார், என்னுடையதை அளந்தார், திரும்பவும் அவருடையதை அளந்தார். கொஞ்ச நேரம் இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாப் பாத்துட்டீங்களா மேடம்?"

"பாத்துட்டேங்க."

"சரிங்க" என்றார். தட்டைத் திரும்பவும் துணியில் சுற்றினார், பிள்ளையைச் சுற்றுவதுபோல் பதமாக. டீயை முழுசாகக் குடித்துவிட்டு அம்மாவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினார்.

அம்மா டீ கிளாஸை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தேங்காய் பன்னை யாரும் தொடவில்லை.

ஜோடி என்று அவர் சொன்னது தட்டை மட்டும் இல்லை. அது தெரிந்துதான் சொன்னேன். மனசுக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காகத் தப்பான பீஸைப் பாஸ் பண்ண முடியாது. பண்ணினால் நான் யார்?

2024 ஆகஸ்ட் 19, திங்கள்

சரியாகத்தான் சொன்னேன்.

2024 செப்டம்பர் 1, ஞாயிறு

அவர் வரவில்லை. இது இரண்டாவது ஞாயிறு. துணி மட்டும் சொன்ன தேதிக்கு ஒழுங்காக வருகிறது, சுருக்கம் சொன்ன கணக்குக்குள். குறை சொல்ல ஒன்றும் இல்லை என்பது எரிச்சலாக இருக்கிறது.

2024 செப்டம்பர் 12, வியாழன்

லேபில் இரண்டு டீ-ஷர்ட். ஒரே சைஸ், ஒரே லாட். ஒன்றைத் துவைத்து, ஒன்றைத் துவைக்காமல் வைத்து அளந்து பார்ப்பது வழக்கம். எது துவைத்தது என்று கவிப்பிரியா டேக் கட்ட மறந்துவிட்டாள். "இதுல வாஷ் பண்ணுனது எது?" என்று சத்தம் போட்டேன்.

அவள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டாள். "சின்னதா இருக்கறதுதானுங்க மேடம் தண்ணிக்குள்ள போயிட்டு வந்தது. பெருசு ஒரிஜினலுங்க. இதுகூடத் தெரியாதுங்களா?" என்று சிரித்தாள்.

இதுகூடத் தெரியாதுங்களா. யாரோ முன்பே சொன்ன மாதிரி இருந்தது.

புல்லி.

உருக்கிய இரும்பு ஆறினால் சுருங்கும். ஒன்றை மாடலாக வைத்து ஊற்றினால், ஊற்றியது சின்னதாகத்தான் வரும். பெரிதாக வரவே வராது.

79.1. 80.2.

2024 செப்டம்பர் 15, ஞாயிறு

மற்றத் தட்டுகளை எடுக்கவில்லை. கொக்கை மட்டும் எடுத்து லென்ஸில் பார்த்தேன். இத்தனை வருடமாகப் பார்த்ததுதான். கொக்கின் கழுத்துக்கு உட்புறம், வெட்டி எடுத்த இடத்தில் மெல்லிசாக ஒரு கோடு ஓடுகிறது. அச்சின் இரண்டு பாதியும் சேரும் கோடு. ராவி மறைத்திருக்கிறார்கள், ஓர் இடத்தில் விட்டுவிட்டார்கள். சிறகில் குண்டூசி முனை அளவுக் குழிகள். துருக் குழி என்று நினைத்திருந்தேன். காற்றுக் குமிழி. உளிக் கீறலின் ஓரம்கூட உருண்டிருக்கிறது. உளி பட்டால் ஓரம் உருளாது. சுண்டினேன். டொக்.

எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருந்தது. அடுத்தவர் தட்டு என்றால் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பேன்.

மொரிட்டா பொய் சொல்லவில்லை. அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். ஒரு தையல் விட்டுப்போனதற்கு முழு லாட்டையும் திருப்பியவர். அவர் வீட்டில் இருந்தது நிஜமாகவே இருக்கும். அவருடைய தாத்தாவை யாராவது ஏமாற்றியிருப்பார்கள். அவரும் சொந்த வீட்டுத் தட்டை அளந்து பார்த்திருக்க மாட்டார். சீல் போட்ட பீஸ்.

அது போகட்டும். ஒரு நல்ல தட்டை, ஒரு மனுசன் ரெண்டு வருசம் தேடிக் கொண்டாந்த தட்டை, அவர் மூஞ்சிக்கு நேரா போலின்னு சொல்லிட்டேனே — அதுவும் என் போலியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு! என்ன திமிரு. என்ன கண்ணு இது.

2024 செப்டம்பர் 20, வெள்ளி

நகானோ கேட்டார்: நவம்பருக்குத் தட்டு தயார்தானே? தயார் என்று தலையாட்டிவிட்டேன்.

சொல்லாமலே இருந்துவிட்டால்? அருள்குமாருக்குத் தெரியப் போவதில்லை. என் வார்த்தையை நம்பி அந்தத் தட்டை ஒரு மூலையில் போட்டிருப்பார். டோக்கியோவுக்கு அனுப்புவதை ஏதாவது காரணம் சொல்லித் தள்ளிப்போடலாம். யாருக்கும் ஒன்றும் குறையாது. என் பெயர் அப்படியே இருக்கும்.

ஒரு நாள் முழுக்க இப்படி நினைத்துக்கொண்டு இருந்தேன். எனக்கே அருவருப்பாக இருக்கிறது, ஆனால் நினைத்தது நிஜம்.

2024 செப்டம்பர் 29, ஞாயிறு

இன்னொன்று இன்றைக்குத்தான் உறைத்தது. ஆயுத பூஜை வருகிறது. ஊரில் இருக்கிற இரும்பையெல்லாம் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, சந்தனம் குங்குமம் வைக்கிற நாள். போலி என்று நான் சொன்ன தட்டு ஒரு காம்பாக்டிங் யூனிட்டில் கிடக்கிறது. யாராவது ஒரு ஆள் ஸ்பேனரோடு சேர்த்து அதையும் புளித் தண்ணீரில் போட்டால் முன்னூறு வருடம் பத்து நிமிடத்தில் போய்விடும். போனால் அது என் வேலை.

போனை எடுத்தேன். வைத்தேன். போனில் சொல்கிற விஷயமா இது?

சாயங்காலம் அவரே செய்தி அனுப்பியிருந்தார். பூஜைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி. வருடா வருடம் அனுப்புவதுதான். 'கட்டாயம் வர்றேங்க. உங்க தட்டுல தண்ணி படாம வைங்க' என்று பதில் போட்டேன். 'சரிங்க' என்று வந்தது. ஏன் என்று கேட்கவில்லை.

2024 அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. அம்மாவுக்குக் கால் முடியவில்லை. நான் மட்டும் போனேன். வழியெல்லாம் வாழைக்கன்று, பூசணிக்காய், பொரி மூட்டை. என் பையில் என் கொக்கு. பஸ்ஸில் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்: தப்பு என்னுடையதுங்க. உங்களுடையதுதான் அசல். மன்னிச்சிருங்க. மூன்றே வாக்கியம். மண்ணரை ஸ்டாப்பில் இறங்கும்போது ஒன்றுகூட நினைவில்லை.

யூனிட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். உருளைகளில் மாலை. எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு, குங்குமம்: மெஷின், தராசு, கத்தரி, ஸ்பேனர், சாவிக்கொத்து, கால்குலேட்டர், கரண்ட் மீட்டர். ஆப்பரேட்டர் முனீஸின் பைக்குக்கு ஹெட்லைட்டில் ஒன்று, ஹாரனில் ஒன்று. முனீஸ் தெற்கே எங்கள் சொந்த ஊர்ப் பக்கத்துப் பையன். அம்மாவைப் பார்த்தால் ஊர்க் கதை பேசுவான்.

சாமி படத்துக்கு முன்னால் பலகை. அதில் வெள்ளைப் பனியன் துணி நாலாக மடித்து விரித்திருந்தது. நடுவில் கொக்கு. கறுப்பாக, காய்ந்து, சுத்தமாக. அதன்மேல் பொட்டு இல்லை. பொட்டு கீழே துணியில் இருந்தது, தட்டிலிருந்து இரண்டு விரல் தள்ளி.

"இதை மட்டும் யாரும் தொடக்கூடாதுன்னுட்டாருக்கா" என்றான் முனீஸ். "வந்த நாள்லருந்து அவருதான் தொடைக்கிறாரு. பீரோவுல வச்சுப் பூட்டுறாரு."

வந்த நாளிலிருந்தா. என் செய்திக்குப் பிறகு இல்லையா.

அருள்குமார் பொரித் தட்டோடு வந்தார். "வாங்க மேடம். அம்மா வல்லீங்களா?"

"இதுக்கு மட்டும் பொட்டு வைக்கலீங்களே."

"ஈரம் பட்டா கெட்டுப்போயிருமுங்க."

"போலி கெட்டா என்னங்க?"

அவர் பொரித் தட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். நான் பையைத் திறந்து என் கொக்கை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். "என்னோடதுதாங்க சின்னது. என்னோடதுதான் ஊத்துனது. நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை, கொஞ்ச நேரம். பிறகு புரிந்தது.

"தெரியுமா உங்களுக்கு?"

"தெரியுமுங்க."

"எப்ப?"

"அன்னைக்கேங்க. ரெண்டையும் அளந்தனில்லீங்களா. புல்லி ஞாபகம் வந்துருச்சு."

எனக்குக் கோபம் வந்தது. நன்றி வரவில்லை, வெட்கம்கூட அப்புறம்தான். "தெரிஞ்சுக்கிட்டே வாய மூடிக்கிட்டு இருந்தீகளா? நான் பாட்டுக்கு இதை டோக்கியோவுக்கு அனுப்பி அங்க நாலு பேரு சிரிச்சிருந்தா?" ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. முனீஸும் இன்னும் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அதுக்கு முன்னால உங்களுக்கே தெரிஞ்சுருமுன்னு நெனச்சனுங்க. உங்க கண்ணுக்குத் தப்புமுங்களா."

"தப்பியிருந்தா?"

அவர் பொரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அது உங்க சீல் போட்ட பீஸுங்க மேடம். அதைப் போயி நான் எப்படீங்க ரிஜெக்ட் பண்றது?"

ஒரு மனுசன் தன் அசலைப் போலி என்று ஒப்புக்கொண்டு, டீயை முழுசாகக் குடித்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்காக. எனக்கு அழுகை வந்தது, அது எனக்குப் பிடிக்கவில்லை.

"இங்க பாருங்க" என்றேன். "இனிமே எங்கிட்ட எந்த டிஃபெக்டையும் மறைக்கக் கூடாது. என்னோடதா இருந்தாலும் சரி, உங்களோடதா இருந்தாலும் சரி."

"இனிமேங்களா?"

"ஆமா. இனிமே."

"சரிங்க மேடம்" என்றார். காது சிவந்திருந்தது. முனீஸ் பூசணிக்காயைக் கொண்டுவந்து கொடுக்க, அதை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். ஒரே போடில் உடைத்தார். குங்குமம் என் சேலை வரைக்கும் தெறித்தது.

2024 அக்டோபர் 13, ஞாயிறு

இணையப் பக்கத்தில் எழுதிவிட்டேன். என் கொக்கு வார்ப்பு, நண்பருடையது அசல், நான் மாற்றிச் சொன்னேன், இத்தனை வருடம் எனக்குத் தெரியவில்லை. இரண்டு படமும் இரண்டு அளவும் போட்டேன். கீழே, என் பெயர் நதியா, நான் பெண் என்றும் எழுதினேன். எப்படியும் மானம் போகிறது, என் பெயரிலேயே போகட்டும்.

முதல் பதில் ஒரு மணி நேரத்தில் வந்தது: மிக நேர்மையான பதிவு, நன்றி சார்.

2024 நவம்பர் 8, வெள்ளி

நகானோ கிளம்பினார். அருள்குமாரின் கொக்கைக் கொடுத்து அனுப்பினோம். என் பெயரில் அனுப்பலாம் என்று அருள்குமார் சொன்னார். அதட்டினேன். அவர் பெயரில்தான் போயிருக்கிறது.

2025 ஜனவரி 26, ஞாயிறு

அருள்குமாரின் அக்கா மயிலாத்தாள் என்னைப் பார்க்கத் தாராபுரத்திலிருந்து வந்திருந்தார். "நீங்க எந்தூருங்க?" என்று கேட்டார். அம்மா ஊர் பேரைச் சொன்னாள். அதற்குமேல் கேட்கவில்லை, கேட்காமல் விட்டதிலேயே எல்லாம் இருந்தது. காபி ஆறிப்போயிற்று. போகிறபோது மேசையில் இருந்த தட்டுகளைப் பார்த்து, "இந்த இரும்புக்குத்தானா ரெண்டு பேரும்?" என்றார்.

"ஆமாங்க" என்றேன். சிரித்துவிட்டார். சிரிக்கக் கூடாது என்று வந்தவர். திரும்ப உட்கார்ந்து, சூடு பண்ணின காபியைக் குடித்தார்.

2025 மார்ச் 5, புதன்

தாள் வந்துவிட்டது. அசல். ஆனால் நான் இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்த பட்டறை இல்லையாம், காலமும் நூறு வருடம் பிந்தியதாம். அதிலும் தப்பு. அருள்குமாரிடம் படித்துக் காட்டினேன். "பரவால்லீங்க, துவைச்சாச் சுருங்காது" என்றார்.

2025 அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. யூனிட்டில் விடிகாலையிலிருந்து வேலை. அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு முனீஸை விரட்டினாள். மாலை கோணல், பொட்டு கோணல், பூசணிக்காய் சின்னது. நடுவில் அவர், "மேடம், சந்தனம் எங்க வெச்சீங்க?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

"பொண்டாட்டிய எவனாச்சும் மேடம்னு கூப்பிடுவானா? ஊருல போயி நான் எப்படிச் சொல்லுவேன்?" என்றாள் அம்மா.

"பழகிப்போச்சுங்க அத்தை."

சந்தனம் என் கையில்தான் இருந்தது. பலகையில் வெள்ளைத் துணியை விரித்தேன். அவருடைய கொக்கை நடுவில் வைத்து, பொட்டைத் துணியில் வைத்தேன், இரண்டு விரல் தள்ளி. பிறகு என்னுடையதை எடுத்தேன். பழக்கத்தில் பனியன் துணியால் ஒரு தடவை தேய்த்தேன். ஸ்பேனருக்கும் கத்தரிக்கும் நடுவே அதை வைத்து, விரலைச் சந்தனத்தில் தொட்டுக் கொக்கின் தலையிலேயே வைத்தேன். மேலே குங்குமம். மொரிட்டா கொடுத்த நாளிலிருந்து அதன்மேல் ஈரம் பட்டது இன்றைக்குத்தான். நன்றாக இருந்தது.